பன்னாடையும் அன்னமும் – மாணாக்கரை வகைபிரித்த கதை

'பன்னாடை' என்று ஒருவரை ஏசும்போது அஃது ஓர் இலக்கண நூலின் பாயிரத்தோடு தொடர்புடைய சொல் என்பது ஏசுபவருக்கும் தெரியாது, ஏச்சு வாங்குபவருக்கும் தெரியாது. நெய்யை வடிகட்டுகையில் நல்ல நெய்யைக் கீழே ஒழுகவிட்டுக் கசடை மட்டும் தன்னிடம் தேக்கிக்கொள்வது பன்னாடை. பாடத்தின் பயனை நழுவவிட்டு அதில் வேண்டாததை மட்டும் நினைவில் வைத்திருக்கும் மாணாக்கனுக்குப் பவணந்தி முனிவர் சொன்ன உவமை இது. அவர் வைத்த பெயர் 'நெய்யரி'. உரைகாரர்கள் அதற்குப் பன்னாடை என்று பொருள் எழுதினர்.

இன்று ஆசிரியப் பயிற்சி பெறுவோரிடம் வேறொரு வகைப்பாடு புழங்குகிறது. கண்ணால் கற்போர், காதால் கற்போர், படித்தும் எழுதியும் கற்போர், செய்து கற்போர் என்று மாணவர்களைப் பகுக்கிறார்கள். ஒரு வினாத்தாளை நிரப்பினால் நாம் எவ்வகையினர் என்பது தெரிந்துவிடுமாம். அதை அறிந்த ஆசிரியர், நாளை தம் வகுப்பில் ஒவ்வொரு மாணவனுக்கும் அவனவன் வழியிலேயே கற்பிக்கலாம் என்பது இதன் அடிப்படை. மேலைநாட்டிலிருந்து வந்த புதுமை என்றே பலரும் இதனைக் கருதுகின்றனர். கற்பவனின் இயல்பறிந்து கற்பித்தல் என்ற எண்ணம் நம்மிடம் எவ்வளவு பழையது, அது எப்படி நடைமுறையில் இருந்தது, எங்கே தவறியது என்பவற்றை இக்கட்டுரையில் சற்றே பார்ப்போம்.

நன்னூல் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மூன்றாம் குலோத்துங்கன் காலத்துச் சிற்றரசனான சீயகங்கன் வேண்ட இயற்றப்பட்டது. எழுத்தையும் சொல்லையும் தொடங்குமுன், நூல், ஆசிரியன், கற்பிக்கும் முறை, மாணாக்கன், கற்கும் முறை ஆகிய ஐந்தையும் பொதுப்பாயிரம் விரிவாகப் பேசுகிறது. தேர்வுக்காக நன்னூல் படித்தவர்கள் பெரும்பாலும் இப்பகுதியை விரைந்து கடந்திருப்பர். புணர்ச்சி விதிகளின் அச்சம் அப்படி!

மாணாக்கர் மூவகையினர். பாலையும் நீரையும் பிரித்தறியும் அன்னம் போன்றவரும், புல் நிறைந்த இடத்தில் வயிறார மேய்ந்து பின்னர் ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும் பசு போன்றவரும் தலைமாணாக்கர். உழவன் எவ்வளவு உழைக்கிறானோ அவ்வளவே விளைவு தரும் மண் போன்றவரும், சொல்லிக்கொடுத்ததை மட்டும் திருப்பிச் சொல்லும் கிளி போன்றவரும் இடைப்பட்டோர். கடைமாணாக்கருக்கு நான்கு உவமைகள்: ஊற்றிய நீரையெல்லாம் ஒழுகவிடும் ஓட்டைக்குடம், ஒரு செடியில் வயிற்றை நிரப்பாமல் செடிக்குச் செடி தாவி நுனி கிள்ளும் ஆடு, குளத்தைக் கலக்கிவிட்டுக் குடிக்கும் எருமை, முன்னர்ச் சொன்ன நெய்யரி.

இந்த எட்டில் ஒன்றேனும் கண், காது என்ற புலன்களைப் பற்றியதன்று என்பதைக் கவனிக்க வேண்டும். பாடம் எந்த வாயில் வழியே உள்ளே போகிறது என்பது பவணந்தியாருக்குப் பெரிய செய்தியாகப் படவில்லை. உள்ளே போனபின் அதற்கு என்ன நேர்கிறது என்பதையே அவர் நோக்குகிறார். பகுத்தறிகிறானா, அசைபோடுகிறானா, ஒப்பிக்கிறானா, மறக்கிறானா, ஊன்றி நில்லாமல் தாவுகிறானா, ஆசிரியரின் மனத்தைக் கலக்கிவிட்டு அதன்பின் கேட்கிறானா? பல ஆண்டுகள் பாடம் சொல்லிச் சலித்த ஒருவரால்தான் இப்படி எழுத முடியும் என்று நமக்குத் தோன்றுகிறது. எருமை உவமையில் அந்தச் சலிப்பு நன்றாகவே தெரிகிறது.

கற்பிக்கும் முறையைச் சொல்லுமிடத்தில் அவர் ஆசிரியருக்கு விதிக்கும் கடமைகளில் ஒன்று நம் பொருளுக்கு நேராகவே வந்து நிற்கிறது. காலமும் இடமும் பார்த்து, விரையாமல், வெகுளாமல், முகமலர்ச்சியோடு சொல்ல வேண்டும் என்பவற்றோடு, பாடம் கேட்பவன் எவ்வாறு ஏற்றுக்கொள்கிறான் என்பதை அறிந்து, அவன் உள்ளம் ஏற்கும்படி கொடுக்க வேண்டும் என்கிறார். 'கொள்வகை' என்பது அவர் ஆளும் சொல். இன்றைய கல்வியியலார் தம் கலைச்சொல்லுக்குத் தமிழ் தேடி அலையத் தேவையில்லை. 800 ஆண்டுகளாக ஒரு நல்ல சொல் காத்துக்கொண்டிருக்கிறது.

கற்கும் முறையில் அவர் தரும் கணக்கு இன்னும் சுவையானது. ஒரு நூலை இருமுறை கேட்டால் பிழை பெரிதும் நீங்கும். மும்முறை கேட்டால் பிறருக்கு முறையாகச் சொல்ல வரும். ஆயினும் ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக உள்வாங்கினாலும் புலமையில் காற்பங்குதான் கிடைக்கும். இன்னொரு காற்பங்கு, அத்துறையில் பயில்வோரோடு பழகுவதால் வருவது. எஞ்சிய அரைப்பங்கோ, தான் பிறர்க்கு விரித்துரைப்பதால் வருவது! ஆசிரியத் தொழிலைப் பற்றி எழுதும் ஒருவர் அத்தொழிலுக்குக் காற்பங்கு மட்டும் ஒதுக்கிய நேர்மையை எண்ணி வியக்கிறோம்.

பாராட்டுவதோடு நிறுத்திவிட்டால் நாம் பாதியைத்தான் சொன்னவர்கள் ஆவோம். யாருக்குப் பாடம் சொல்லலாகாது என்றும் பாயிரம் ஒரு பட்டியல் இடுகிறது. கள்வன், சினத்தன், வஞ்சகன் என்போரோடு பிணியாளனும் அறிவு மந்தமானவனும் அதில் அடங்குவர். பழைய நூல்களைக் கண்டு அஞ்சித் தடுமாறுபவனும் உண்டு. அஞ்சித் தடுமாறாமல் பழைய நூலைத் தொட்டவர் எவர் இருக்கிறார்? பாடம் சொல்லத் தக்கவர் வரிசையிலோ மன்னன் மகனும் பொருளை வாரி வழங்குபவனும் இடம்பெறுகின்றனர். வகைப்படுத்துதல் என்ற செயல், கற்பவனைப் புரிந்துகொள்ளவும் பயன்பட்டது. அவனை வாயிலிலேயே நிறுத்தவும் பயன்பட்டது. இவ்விரண்டும் ஒரே நூலின் ஒரே பகுதியில் அடுத்தடுத்து நிற்கின்றன. பிறப்பாலும் பொருளாலும் அந்த வாயிலை அணுகவே இயலாதிருந்தோர் பட்டியலில் பெயர் பெறவும் தேவையில்லாதவர்களாக வெளியே நின்றனர் என்பதையும் மறப்பதற்கில்லை.

சரி, கொள்வகை அறிந்து கற்பித்தல் உண்மையில் எப்படி நடந்தது? 13ஆம் நூற்றாண்டின் பாடசாலைக்குள் எட்டிப் பார்க்க நமக்கு வழியில்லை. ஆனால் அம்மரபின் கடைசித் தலைமுறைகளில் ஒன்றைப் பற்றி, அதற்குள் இருந்தவரே விரிவாக எழுதி வைத்திருக்கிறார். உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அதனைப் பதிப்பு வரலாறாகப் படிப்போர் பலர். ஒருவர் கற்றதன் வரலாறாகப் படித்தால் வேறொரு நூலாகவே தோன்றும்.

1855இல் பிறந்த ஐயர், இளமையில் ஆசிரியரைத் தேடி ஊர் ஊராகச் சென்றவர். அரியலூரில் சடகோபையங்கார், கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் எனப் பலரிடம் பாடம் கேட்டார். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். ஆகவே இசை வீட்டிலேயே இருந்தது. 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 16.

பிள்ளையவர்களுக்கு மரங்களின்மேல் விருப்பம் மிகுதி. தோட்டத்தில் நட்ட மரங்கள் தளிர்த்திருக்கின்றனவா என்று காலையில் பார்த்து மகிழ்வார். இதைக் கவனித்த ஐயர், ஆசிரியர் வருமுன்பே விடியற்காலையில் தோட்டத்துக்குச் சென்று எங்கெங்கே புதுத்தளிர் விட்டிருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு அவருக்குக் காட்டுவாராம். ஆசிரியர் மாணவனின் இயல்பை அறிவதைப் பற்றியே நாம் பேசுகிறோம். இங்கே மாணவன் ஆசிரியரின் இயல்பை ஆராய்ந்திருக்கிறான்! ஆசிரியரின் குணத்தோடு ஒத்துப் பழக வேண்டும் என்று நன்னூல் மாணாக்கனுக்குச் சொல்வது வெறும் பணிவுரையன்று என்பது இந்தத் தளிர்களால் விளங்குகிறது.

நாள் முழுதும் உடனிருத்தல்தான் அங்கே பாடமுறை. பிள்ளையவர்கள் செய்யுள் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதுவதும் பாடம். அவர் செல்லும் ஊர்களுக்கு உடன் செல்வதும் பாடம். உடன்பயின்றோருள் சவேரிநாத பிள்ளை என்ற கிறித்தவரும் இருந்தார். நாகூர்க் குலாம்காதிறு நாவலரும் பிள்ளையவர்களின் மாணாக்கரே. மாணாக்கர் ஒருவர் எதை விரைவில் பற்றுகிறார், எங்கே தயங்குகிறார் என்பதை அறிய இத்தகைய ஆசிரியருக்கு வினாத்தாள் எதுவும் வேண்டியிருந்திராது.

ஆயினும் இங்கும் ஒரு முரண் உண்டு. மாயூரத்தில் அப்போது வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் ஐயர் இசை கற்று வந்தார். பிள்ளையவர்களுக்கு இது தெரியவந்தபோது, இசையில் மனம் சென்றால் இலக்கண இலக்கியங்களில் கருத்து ஊன்றாது என்று சொன்னார். ஐயர் இசைப்பயிற்சியை விட்டுவிட்டார். தம் மாணவனை இவ்வளவு அணுக்கமாக அறிந்த ஆசிரியருக்கு, அவன் செவி வழியே தமிழ் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பது ஏன் புலப்படவில்லை? பிள்ளையவர்கள் இசையில் நாட்டமின்றியே பெரும்புலவர் ஆனவர். தாம் கற்ற வழியில் இசைக்கு இடமில்லை. ஆதலால் மாணவனின் வழியிலும் அஃது இடையூறாகவே அவருக்குத் தோன்றியிருக்கும் என்பது நம் ஊகம். எந்த ஆசிரியருக்கும் நேரக்கூடியதுதான். நாம் கற்ற வழியே கற்றலின் ஒரே வழி என்று நம்மை அறியாமலே கொள்கிறோம்.

1876 பிப்ரவரியில் பிள்ளையவர்கள் மறைந்தார். ஐயர் திருவாவடுதுறை மடத்தில் மாணாக்கருக்குப் பாடம் சொல்லிவந்தார். 1880இல் தியாகராச செட்டியார் ஓய்வு பெற, அவ்விடத்தில் கும்பகோணம் கல்லூரியின் தமிழாசிரியரானார். உடனுறைந்து கற்றவர், மணியடித்தால் கலையும் ஒரு வகுப்பின் முன் போய் நின்றார். எதிரே இருந்தவர்கள் ஆங்கிலக் கல்வியையே பெரிதாக மதித்த இளைஞர்கள். தளிர் பார்த்துக் காட்ட அவர்களுக்குத் தேவையும் இல்லை, நேரமும் இல்லை. ஐயர் என்ன செய்தார்? பாடல்களை இராகத்தோடு படித்துப் பொருள் சொன்னார். மாயூரத்தில் ஒதுக்கி வைக்க நேர்ந்த இசை கும்பகோணத்து வகுப்பறையில் அவருக்குக் கைகொடுத்தது. மாணவர்கள் ஆர்வத்தோடு கேட்டனர்.

அதே 1880ஆம் ஆண்டு அக்டோபரில், கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரை ஐயர் சந்தித்தார். தாம் பாடம் கேட்ட அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் ஐயர் அடுக்க, அவற்றில் பெரிதாக ஈடுபடாத முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்ட கதை தமிழுலகம் அறிந்தது. அதன்பின் நடந்தது அத்துணைப் பேசப்படுவதில்லை. தமக்கு யாரும் பாடம் சொல்லாத அந்த நூலை ஐயர் முதலியாருக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். சொல்வதற்காகவே கற்றார். சமண சமயச் செய்திகள் தடுத்தபோது கும்பகோணத்துச் சமண நண்பர்களை நாடித் தெளிந்தார். பவணந்தியாரின் கணக்கைச் சற்றே நினைவுகூர்வோம். ஆசிரியரிடம் பெற்ற காற்பங்கு முன்பே கையில் இருந்தது, அத்துறையினரோடு பழகியதால் ஒரு காற்பங்கு, விரித்துரைத்ததால் அரைப்பங்கு. 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. அந்த அரைப்பங்கு இல்லாதிருந்தால் அப்பதிப்பு எந்நிலையில் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே தயக்கமாக இருக்கிறது.

பெரும்புலவர் ஒருவரின் வீட்டில் இது நடந்திருக்கலாம், ஊர்த் திண்ணைகளில்? இதற்கு ஓர் எண் உதவுகிறது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டு எடுத்த கணக்கின்படி, மாகாணம் முழுவதும் பள்ளிகளும் கல்லூரிகள் எனப்பட்டவையும் சேர்த்து 12,498 இருந்தன. பயின்றோர் 1,88,650 பேர். வகுத்துப் பார்த்தால் ஒரு பள்ளிக்கு ஏறத்தாழ 15 பேர். மணலில் எழுத்து, மனப்பாடம், முறைசொல்லல், பிரம்பு என்று திண்ணைப் பள்ளியின் குறைகளை நாம் அறிவோம். பிரம்பை ஏற்றிப் போற்றுவது நம் நோக்கமன்று. ஆயினும் 15 பிள்ளைகளின் முகத்தையும் குடும்பத்தையும் சோம்பலையும் ஓர் ஆசிரியரால் அறிந்திருக்க முடியும். போதாததற்குச் சட்டாம்பிள்ளை வேறு இருந்தான். மூத்த மாணவன் இளையோருக்குச் சொல்லிக்கொடுத்தான். சொல்லிக்கொடுத்ததால் தானும் கற்றான்.

இந்தச் சட்டாம்பிள்ளைக்கு ஒரு கடல்கடந்த கதையும் உண்டு. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பிறந்த ஆண்ட்ரூ பெல் 1787இல் சென்னை வந்தார். 1789இல் எழும்பூரில் ஆங்கிலப் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். இங்குள்ள பள்ளியொன்றில் தமிழ்ச் சிறுவர்கள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், அம்முறையைத் தம் இல்லத்தில் நுழைக்க முயன்றார். உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. பெல், ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனைக் கொண்டு மற்றச் சிறுவர்களுக்கு எழுத்துக் கற்பிக்கச் செய்தார். வெற்றி கிட்டியது. 1796இல் தாயகம் திரும்பி, மறு ஆண்டே இதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுவதும் பரவியது. செயின்ட் ஆண்ட்ரூஸில் அவர் கொடையால் எழுந்த பள்ளி இன்றும் 'மெட்ராஸ் கல்லூரி' என்றே வழங்குகிறது.

நம் திண்ணை கடல் கடந்தது என்று பெருமைப்படலாம்தான். ஆனால் போன இடத்தில் அது என்ன ஆயிற்று? ஓர் ஆசிரியர், அவர்கீழ்ச் சில சட்டாம்பிள்ளைகள், அவர்கள்கீழ் நூற்றுக்கணக்கான ஏழைப்பிள்ளைகள் என்று குறைந்த செலவில் கல்வி தரும் எந்திரமாக அது வளர்ந்தது. ஜோசப் லங்காஸ்டர் இலண்டனில் நடத்திய இதையொத்த பள்ளியும் இவ்வாறே. பிள்ளைகள் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வித்தை கப்பலேறியது. ஒவ்வொரு பிள்ளையையும் அறிந்த வாத்தியார் திண்ணையிலேயே தங்கிவிட்டார். அப்பெருங்கூட்டத்தின் வாரிசுகளே இன்றைய வகுப்பறைகள். ஐம்பது முகங்களை ஒரே மணிநேரத்தில் அறிய வேண்டிய ஆசிரியருக்கு, பத்து நிமிடத்தில் நிரப்பக்கூடிய ஒரு வினாத்தாள் தெய்வத்தின் கொடைபோல் தோன்றியதில் வியப்பில்லை.

கண், காது, எழுத்து, செயல் என்ற நால்வகைப் பகுப்பை 1987இல் வகுத்தவர் நியூசிலாந்தின் நீல் ஃபிளமிங். பள்ளி ஆய்வாளராகப் பணியாற்றியவர். அவருக்கு முன்னும் பின்னும் இத்தகைய பகுப்புகள் பெருகின. 2004இல் இங்கிலாந்தில் ஃபிராங்க் காஃபீல்ட் குழுவினர் தேடியபோது 71 வகைப்பாடுகள் அகப்பட்டன! பவணந்தியார் எட்டோடு நிறுத்திக்கொண்டது அவர் பெருந்தன்மை. 2008இல் ஹெரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு அமெரிக்க உளவியலார், அதுவரை வந்த ஆய்வுகளைச் சீர்தூக்கினர். கண்வகையினருக்குப் படத்தாலும் காதுவகையினருக்குச் சொல்லாலும் கற்பித்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குத் தக்க சான்று இல்லை என்பதே அவர்கள் முடிவு. விருப்பம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்பது உண்மை. விருப்பப்படி கொடுத்தால் கற்றல் மிகும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை.

மாறாக, பாடத்தை இடைவெளி விட்டு மீண்டும் கேட்பது, மூடிவைத்து நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பது, பிறருக்கு விளக்குவது ஆகியவை எவ்வகை மாணவருக்கும் பயன் தருவதாக ஆய்வுகள் தெரிவிக்கின்றன. இருமுறை கேள், மும்முறை கேள், பயில்வோரோடு பழகு, விரித்துரை! ஆனால் 'எல்லாம் அன்றே சொன்னார்கள்' என்று தோள்தட்டுவது எளிது. அதில் நமக்கு விருப்பமில்லை. மந்தனுக்குப் பாடம் சொல்லாதே என்றும் அன்றே சொன்னார்கள். இன்று 'இவன் செய்து கற்பவன், இவனுக்குப் புத்தகம் ஒத்துவராது' என்று ஒரு பிள்ளையின் கையிலிருந்து புத்தகத்தை நயமாக வாங்கிவிடுவதும் அந்தப் பட்டியலின் புதிய பதிப்புத்தான்.

ஆகவே அந்த வினாத்தாளை மாணவனிடம் கொடுப்பதைவிட, ஆசிரியப் பயிற்சிக்கு வந்தவர் தம்மிடமே வைத்துக்கொள்வது நன்று என்பது எம் கருத்து. நாம் எப்படிக் கற்றோம்? எந்தப் பாடம் யார் சொன்னதால், எப்படிச் சொன்னதால் மனத்தில் நின்றது? எவ்வழி நமக்கு எளிதாக இருந்ததால் பிறர்க்கும் எளிது என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்? பிள்ளையவர்களைப் போன்ற பேரறிஞருக்கே புலப்படாத ஒன்று, தம்மைத் தாமே வினவிக்கொள்ளும் ஓர் எளிய ஆசிரியருக்குப் புலப்படக்கூடும்.

பவணந்தியார் ஆசிரியர்களையும் விட்டுவைக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஆசிரியராகத் தகாதவர்க்கும் அவர் நான்கு உவமைகள் சொல்கிறார். கழற்காய்களை இட்ட வரிசையில் அன்றி முன்பின்னாகக் கொட்டும் குடம். யாரையும் ஏறவிடாமல் கருக்குமட்டையோடு நின்று, தானாகப் பழம் விழுந்தால் மட்டும் பிறர்க்கு உதவும் பனை. சிறிது சிறிதாக அடைத்துச் சிறிது சிறிதாகவே பிடுங்க வேண்டிய பஞ்சுக் குடுக்கை. தண்ணீர் ஊற்றியவன் ஒருவனாயிருக்க வேலிக்கு அப்பால் வேறொருவன் முற்றத்தில் காய் உதிர்க்கும் வளைந்த தென்னை. மாணாக்கருக்கு வைத்த பன்னாடை மட்டும் ஊர்வாயில் ஏச்சாக நிலைத்துவிட்டது. பஞ்சுக் குடுக்கை என்று எந்த ஆசிரியரையும் யாரும் ஏசி நாம் கேட்டதில்லை.